நனைந்த பழைய வீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபின் செய்யும் சீரமைப்பைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். முதல் இரண்டு பதில்களும் நீண்டுவிட்டன. பழைய சுவருக்குள் ஈரம் எப்படி நடமாடுகிறது என்பது புரிந்துவிட்டால் மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்.

கேள்வி: எங்கள் வீடு எண்பது ஆண்டுப் பழையது, ஒன்றரை அடி கனமுள்ள செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. மாடியில் குழாய் வெடித்து ஓர் இரவு முழுக்கத் தண்ணீர் இறங்கிவிட்டது. சீரமைப்பு நிறுவனத்தார் வந்து தண்ணீரை உறிஞ்சி எடுத்தார்கள். பெரிய விசிறிகளையும் ஈரம் உறிஞ்சும் எந்திரங்களையும் நான்கு நாள் ஓடவிட்டு, "காய்ந்துவிட்டது" என்று சொல்லிப் போய்விட்டார்கள். தொட்டுப் பார்த்தால் ஈரம் தெரியவில்லை. வண்ணம் அடிக்கலாமா?

பதில்: இப்போது அடிக்க வேண்டாம். கை சொல்வது சுவரின் மேல்தோலைப் பற்றிய செய்தி மட்டுமே. நனைந்த செங்கல் சுவர் இரண்டு கட்டங்களாகக் காய்கிறது. முதல் கட்டத்தில், உள்ளே இருக்கும் தண்ணீர் நுண்துளைகளின் வழியே நீராகவே மேற்பரப்புக்கு வந்து அங்கே ஆவியாகிறது. விசிறிக் காற்று இந்தக் கட்டத்தில்தான் வேகமாக வேலை செய்கிறது. அந்த நீர்த்தொடர் அறுந்ததும் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. அதற்குப்பின் ஈரம் சுவருக்குள்ளேயே ஆவியாகி, துளைத்துளையாக ஊர்ந்து வெளியேற வேண்டும். மேற்பரப்பு காய்ந்து, கைக்கு இதமாக இருப்பது சரியாக இந்த இரண்டாம் கட்டத்தின் தொடக்கத்தில்தான். அதாவது, உங்கள் சுவர் காய்ந்து முடிந்ததாகத் தோன்றும் நாளில் அதன் மெதுவான பாதி தொடங்கியிருக்கக் கூடும்.

இயற்கையாகக் காயவிட்டால் 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்கள் நெடுங்காலமாகக் கையாளும் தோராயக் கணக்கு. முழுவதும் ஊறிய 450 மி.மீ. சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் ஒன்பது மாதம் ஆகும் என்பது அதன் பொருள். ஓர் இரவில் இறங்கிய தண்ணீர் உங்கள் சுவரை அவ்வளவு ஊறவைத்திருக்காது. எந்திரங்களும் காலத்தைப் பெரிதும் குறைக்கும். ஆனாலும் நான்கு நாள் என்பது அட்டைத் தடுப்புகளால் ஆன புது வீட்டுக்கு ஒத்துவரும் கணக்கு. நீர்ச்சேதச் சீரமைப்புத் துறையில் பலரும் பின்பற்றும் ஐஐசிஆர்சி அமைப்பின் எஸ்500 தரநிலை, உலர்த்தும் வேலையை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறது. காரைப்பூச்சு, செங்கல், கெட்டி மரம் ஆகியவற்றின் ஆழத்தில் சிக்கிக்கொண்ட ஈரத்தைத்தான் கடைசி வகுப்பில் வைத்திருக்கிறது. பழைய வீடு என்றாலே பெரும்பாலும் நான்காம் வகுப்பு வேலை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த நிறுவனத்தாரிடம் ஒரே ஒரு தாளைக் கேளுங்கள்: நாள்தோறும் எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எந்தக் கருவியால் அளந்து என்ன எண் கிடைத்தது என்ற உலர்த்தல் பதிவேடு. அதே வீட்டில் நனையாத, அதே கனமுள்ள இன்னொரு சுவரை அளந்து அந்த எண்ணை இலக்காக வைத்திருந்தார்களா என்றும் கேளுங்கள். ஒப்பிட ஓர் உலர்ந்த சுவர் இல்லாமல் "காய்ந்துவிட்டது" என்று சொல்வது, எடைக்கல் இல்லாமல் தராசு பிடிப்பதைப் போன்றது.

எந்தக் கருவியால் அளந்தார்கள் என்று கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு ஊசிகளைக் குத்தி மின்தடையை அளக்கும் ஈரமானி மரத்துக்காகச் செய்யப்பட்டது; சுவரில் அது காட்டும் விழுக்காட்டை அப்படியே ஈரத்தின் அளவாகக் கொள்ளக்கூடாது. பழைய சுவர்களில் உப்பு சேர்ந்திருக்கும். உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால், காய்ந்த சுவரையும் அந்தக் கருவி சொட்டச்சொட்ட நனைந்த சுவராகக் காட்டிவிடும். வெப்பப்படக் கருவியோ ஈரத்தைப் பார்ப்பதே இல்லை, குளிர்ச்சியைத்தான் பார்க்கிறது. நீர் ஆவியாகும் இடம் குளிர்ந்திருக்கும் என்பதால் எங்கே தேடுவது என்று அது வழிகாட்டும், அவ்வளவே. ஐயம் தீர வேண்டுமென்றால், சுவரின் ஆழத்திலிருந்து துளைத்தெடுத்த தூளை எடைபோட்டு, கால்சியம் கார்பைடு சேர்த்து மூடிய குடுவையில் குலுக்கி, உண்டாகும் அசெட்டிலீன் வாயுவின் அழுத்தத்தைக் கொண்டு ஈரத்தைக் கணக்கிட வேண்டும். சுண்டுவிரல் அளவுத் துளையை அடைத்துக்கொள்ளலாம். ஈரச் சுவரின்மேல் அடித்த வண்ணம் ஆறு மாதத்தில் தோல்தோலாக உரிவதை அடைக்க முடியாது.

வீட்டிலேயே செய்து பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு முழச் சதுரத் தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் ஒட்டி, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இறுக அடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், ஈரம் இன்னும் வெளியே வந்துகொண்டிருக்கிறது. கோத்திருக்காவிட்டால் முழுதும் காய்ந்ததாக உறுதி சொல்ல முடியாது; ஆனால் கோத்திருந்தால் ஐயமே இல்லை.

கேள்வி: நீர் புகுந்து வடிந்தபின் சுவரில் இடுப்பளவுக்கு வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. பழைய சுண்ணாம்புப் பூச்சை நான்கடி உயரத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டு, நீர்த்தடுப்பு மருந்து கலந்த சிமென்ட் பூசிவிட்டால் நிரந்தரத் தீர்வு என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

பதில்: எனக்கு வந்த கடிதங்களில் அதிகமானவை இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டன, நான் பார்த்த பாழான பழைய சுவர்களில் பெரும்பாலானவை தண்ணீரால் பாழானவை அல்ல, இந்தத் "தீர்வால்" பாழானவை. "இருந்த வெள்ளத்தை வந்த வெள்ளம் கொண்டுபோன" கதைதான்.

ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் போர்ட்லண்டு சிமென்ட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அது வீடு கட்டும் வழக்கத்தில் பரவலாகக் கலக்க மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்கு முன்னும், பல இடங்களில் அதற்குப் பின்னும், சுவர்கள் சுண்ணாம்பாலும் மண்ணாலும் எழும்பின. அந்தச் சுவர்களில் ஈரத்தைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. ஈரம் ஏறும், அதே வேகத்தில் பூச்சின் வழியே ஆவியாகிப் போகும். அந்த வரவுசெலவுக் கணக்கில்தான் சுவர் நூறாண்டு நிற்கிறது. அதன்மேல் சிமென்ட் பூசினால் வரவு அப்படியே இருக்க, செலவு அடைபடுகிறது. வெளியேற வழியில்லாத ஈரம் சிமென்ட்டின் மேல்விளிம்பைத் தேடி ஏறுகிறது. நான்கடிக்குப் பூசிய சுவரில் இரண்டொரு ஆண்டு கழித்து ஐந்தடி உயரத்தில் புதிய ஈரக்கோடு தெரிவதும், கொத்தனார் அந்த உயரத்துக்கும் பூசச் சொல்வதும் அடிக்கடி நடக்கும் காட்சி. அதைவிடக் கெடுதல், சுவருக்குள் மாட்டிக்கொண்ட விட்டத்தின் முனைகளும் கதவு நிலைகளும் யாரும் பார்க்காமல் இற்றுப்போவது. சிமென்ட் சுண்ணாம்பைவிடக் கடினமானது. பிற்காலத்தில் அதைப் பெயர்க்கும்போது பழைய செங்கலின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும்.

வெள்ளையாகப் பூத்திருப்பது சல்பேட், நைட்ரேட், குளோரைடு போன்ற உப்புகள். மண்ணிலிருந்தும் வந்த நீரிலிருந்தும் செங்கல்லிலிருந்தும் கரைந்தவை, நீர் ஆவியாகும் இடத்தில் படிகமாகின்றன. மேற்பரப்புக்கு வெளியே படிந்தால் அது நல்ல செய்தி, தூரிகையால் தட்டி எடுத்துவிடலாம். பூச்சுக்குச் சற்று உள்ளே படிந்தால்தான் படிகம் வளரும் அழுத்தத்தில் பூச்சு புடைத்துப் பொருக்காக உதிர்கிறது. மிகச் சூடான காற்றை ஊதி அவசரமாக உலர்த்துகிறவர்கள் ஆவியாகும் இடத்தைச் சுவருக்குள்ளே தள்ளிவிடுகிறார்கள். அதனால்தான் பழைய சுவரை நிதானமாக உலர்த்த வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஆகவே உப்பை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த மென்தூரிகையால் தட்டி, தரையில் விழுந்ததை அன்றன்றே அள்ளி வெளியே போடுங்கள். உப்பு மிகுதியாக இருந்தால், உடம்பில் வீக்கத்துக்குப் பற்றுப் போடுவதைப்போலச் சுவருக்கும் பற்றுப் போடுவார்கள்: காகிதக் கூழையும் களிமண்ணையும் தூய நீரில் குழைத்துச் சுவரில் அப்பிக் காயவிட்டால், சுவரின் ஈரம் அதன் வழியே வெளியேறும்போது உப்பையும் அதில் இறக்கிவிட்டுப் போகும். காய்ந்து விரிசல் விட்டதும் உரித்து எறிந்துவிட்டு மீண்டும் அப்பலாம். உதிர்ந்துபோன பூச்சை மட்டும் எடுத்துவிட்டு, சுவர் காய்ந்தபின் சுண்ணாம்புக் கலவையே பூசுங்கள். சுண்ணாம்பு நீரில் கரைந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு சொல்: நன்றாக இறுகிய சுண்ணாம்புப் பூச்சு ஒருமுறை நனைவதைத் தாங்கும், ஊறி மென்மையாகிப் பயனற்றுப்போவது பெரும்பாலும் பிற்காலத்து ஜிப்சம் பூச்சுதான். தட்டிப் பாருங்கள். கெட்டியான ஒலி வந்தால் விட்டுவிடுங்கள், பானையைத் தட்டியதுபோல் வெற்றொலி வந்தால் அங்கே சுவரைவிட்டுப் பிரிந்திருக்கிறது.

கேள்வி: மரப்பலகைத் தரை நனைந்து, ஒவ்வொரு பலகையும் ஓரங்கள் உயர்ந்து நடுவில் குழிந்து நிற்கிறது. இழைத்துச் சமப்படுத்திவிடலாம் என்கிறார் தச்சர். அவசரமில்லை என்கிறார் உலர்த்த வந்தவர். யார் சொல்வது சரி?

பதில்: உலர்த்த வந்தவர். பலகையின் அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட அதிக ஈரமாக இருப்பதால் அடிப்பக்கம் விரிந்து ஓரங்களை மேலே தூக்குகிறது. இப்போது உயர்ந்த ஓரங்களை இழைத்துவிட்டால் தரை ஒரு மாதம் கண்ணாடிபோல் இருக்கும். பிறகு அடிப்பக்கம் காய்ந்து சுருங்கும்போது ஓரங்கள் தாழ்ந்து, நடு முதுகு மேடாகிவிடும். இழைத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. "ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை" என்ற பழமொழி இந்த இடத்துக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது.

நான் வழக்கமாகச் செய்வது இது. மூலையில் ஒரு பலகையைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்திலும் கீழே தாங்கும் சட்டத்திலும் ஈரமானியின் ஊசிகளைக் குத்திப் பார்ப்பேன். மேற்பக்கம் 12 விழுக்காடு காட்டும் பலகை அடியில் 24 காட்டியதைப் பார்த்திருக்கிறேன். கையில் திருப்பினால் அடிப்பக்கத்தில் சாம்பல் நிறத் தூவல், மூக்கில் மழைக்கால அலமாரியின் வாசனை. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் அதை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சை வளராது. 28, 30 என்று ஏறினால் அதற்குக் கொண்டாட்டம். ஆகவே முதல் வேலை தரைக்குக் கீழே காற்றோட்டம் கொடுப்பது. பலகையும் சட்டமும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு இறங்கி, சில வாரங்கள் அந்த அளவிலேயே நின்றபின் மிச்சமிருக்கும் மேடுபள்ளத்தை மட்டும் தச்சர் இழைக்கட்டும். நன்கு முதிர்ந்த பழைய மரம் பல நேரங்களில் தானாகவே பெரும்பாலும் சமனுக்குத் திரும்பிவிடும்.

கேள்வி: காயட்டும் என்று எல்லாச் சன்னல்களையும் திறந்து வைத்திருக்கிறோம். எந்திரம் தேவையில்லைதானே?

பதில்: வெளிக்காற்று உலர்ந்திருந்தால் திறந்து வையுங்கள், புழுக்கமாக இருந்தால் மூடுங்கள். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். வெப்பமும் புழுக்கமுமான காற்று குளிர்ந்த ஈரச் சுவரைத் தொட்டால், தன்னிடம் உள்ள நீரை அங்கே இறக்கிவிடும். ஈரம் உறிஞ்சும் எந்திரம் ஓடும்போது சன்னலைத் திறந்து வைப்பது, ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பதைப் போன்றது. அறைக்குள் ஒரு ஈரப்பத அளவி வைத்து, எண் 60-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சுவரிலும் அலமாரிக்குப் பின்னாலும் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்துவிட்டது. பிளீச்சிங் திரவத்தால் துடைத்தால் போதுமா?

பதில்: போதாது. ஓடு, கண்ணாடி போன்ற வழவழப்பான பரப்பில் அது வேலை செய்யும். காரையிலும் மரத்திலும் குளோரின் மேலோடு நின்றுவிட, கரைசலில் உள்ள தண்ணீர் உள்ளே இறங்கிப் பூஞ்சைக்கே உணவாகிறது. நிறம் போய்விடுவதால் ஒழிந்ததாக ஏமாந்துவிடுகிறோம். அமிலமோ அமோனியாவோ கலந்த வேறு துப்புரவுத் திரவத்துடன் பிளீச்சைச் சேர்த்தால் நச்சுவாயு கிளம்பும், அதை மறந்துவிடாதீர்கள். பூஞ்சை நனைந்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் துளிர்க்கத் தொடங்குவது. ஈரம் நின்றால்தான் அது நிற்கும். ஏறத்தாழ ஒரு சதுர மீட்டருக்கு மேல் படர்ந்திருந்தால் தொழில்முறையாளரிடம் விடுவதே நல்லது. அவர்கள் அந்த இடத்தைத் திரையிட்டுப் பிரித்து, காற்றை வடிகட்டி வெளியேற்றிக்கொண்டு வேலை செய்வார்கள். கழிவுநீரோ வெள்ளநீரோ புகுந்த வீட்டில் பரப்பளவுக் கணக்கே வேண்டாம். அது மூன்றாம் வகை நீர், அதாவது நோய்க்கிருமி உள்ளதாகவே கொள்ளவேண்டிய நீர். அதில் ஊறிய மெத்தையையும் பஞ்சையும் விட்டுவிடத்தான் வேண்டும்.

கேள்வி: வீட்டுப் பத்திரங்களும் தாத்தா காலத்து நாட்குறிப்புகளும் புகைப்படங்களும் நனைந்துவிட்டன. வெயிலில் காயவைத்தோம், சில ஒட்டிக்கொண்டுவிட்டன.

பதில்: ஒட்டியவற்றைப் பிரிக்க முயலாதீர்கள். இன்னும் ஈரமாக இருப்பவற்றைச் சிறு கட்டுகளாக, இடையிடையே மெழுகுத்தாள் வைத்து உறையில் இட்டு உறைபெட்டியில் வையுங்கள். உறைந்த நிலையில் பூஞ்சையும் வளராது, மையும் பரவாது, யோசிக்க அவகாசம் கிடைக்கும். பிறகு காகிதப் பாதுகாப்பு வல்லுநர்கள், பனிக்கட்டியை வெற்றிடத்தில் நேரடியாக ஆவியாக்கி உலர்த்தும் முறையில் தாள்களைப் பிரித்துத் தருவார்கள். புகைப்படங்களைத் தூய குளிர்நீரில் அலசி, படம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்புங்கள். படத்தின் முகத்தை விரலால் தொடக்கூடாது. கண்ணாடித் தகட்டுப் படங்களை மட்டும் உறையவைக்க வேண்டாம்.

1966 நவம்பர் 4-இல் ஆர்னோ ஆறு பெருகிப் புளோரன்ஸ் நகரத்தின் தேசிய நூலகம் சேற்றில் முழுகியபோது, நனைந்த நூல்களைப் புகையிலை உலர்த்தும் கூடங்களுக்குக் கொண்டுபோய்க் காயவைத்தார்கள். கையில் கிடைத்ததைக்கொண்டு செய்த அந்த வேலையிலிருந்துதான் நனைந்த காகிதத்தைக் காப்பாற்றும் இன்றைய துறை பெரிதும் வளர்ந்தது. வெயிலில் வைத்துவிட்டோமே என்று நீங்கள் வருந்த வேண்டாம், மிச்சத்தை உறையவையுங்கள்.

கேள்வி: கூரையடிப் பூச்சு நடுவில் தொங்குகிறது. அடுத்து என்ன செய்ய?

பதில்: முதலில் அதன் கீழிருந்து எல்லாரையும் விலக்கி, அந்தப் பகுதியின் மின்சாரத்தைத் துண்டியுங்கள், நீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடவேண்டாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினாலே பத்துக் கிலோ பாரம். மரச்சட்டங்களின் இடுக்கில் பிதுங்கிப் பிடித்திருக்கும் பழைய பூச்சு அந்தப் பிடி உடைந்தால் பாளம் பாளமாக விழும். வல்லுநர் கீழிருந்து முட்டுக்கொடுத்துவிட்டு, ஓரமாக நின்று சிறு துளையிட்டு நீரை வடிப்பார். நிலவறையில் நீர் தேங்கியிருந்தால் கதை நேர்மாறானது: வெளியே மண் ஊறியிருக்கும்போது உள்ளே இருக்கும் நீரை ஒரேயடியாக இறைத்துவிட்டால், தாங்கி நிற்க எதிர்ப்பின்றிச் சுவர் உள்ளே சரியலாம். நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம் இறைத்தால் போதும்.

கேள்வி: சீரமைப்பு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பழைய வீட்டுக்காரர்கள் தனியாகக் கேட்கவேண்டியது என்ன?

பதில்: விசிறியை ஓடவிடும் முன்பு வண்ணத்தில் ஈயமும் பழைய தரைவில்லைகளிலும் குழாய் உறைகளிலும் ஆஸ்பெஸ்டாசும் இருக்கிறதா என்று சோதிப்பார்களா என்று கேளுங்கள். வீட்டு வண்ணத்தில் ஈயத்தை அமெரிக்கா 1978-இல்தான் தடைசெய்தது. அதற்கு முந்தைய பூச்சுகளை உலரச் சுரண்டி, அந்தத் தூளின்மேல் காற்றை ஊதினால் வீடு முழுக்க நஞ்சைத் தூவியதாகும். எதையெல்லாம் இடிப்பார்கள் என்பதோடு எதையெல்லாம் விட்டுவைப்பார்கள் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பார்த்த பத்தாம் நிமிடத்திலேயே பூச்சு முழுவதையும் எடுக்கவேண்டும் என்று சொல்கிறவரை நான் வேலைக்கு வைக்கமாட்டேன். காப்பீடு இருந்தால் எதையும் அகற்றும் முன் நீர்க்கோடு தெரியும்படி படமெடுத்து, அகற்றிய பூச்சிலும் பலகையிலும் ஒரு துண்டைத் தேதி எழுதி எடுத்துவையுங்கள். திடீரென வெடித்த குழாயா, ஆண்டுக்கணக்கில் கசிந்ததா என்ற தகராறு வரும்போது அந்தத் துண்டு உங்களுக்காகப் பேசும். உலர்த்தல் பதிவேட்டின் படி ஒன்றை ஒவ்வொரு நாளும் மாலையில் கையெழுத்துடன் வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.